நாலிலிருந்து ஐந்து வரை

கூடத்துத் தரையில், சன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் தடம் இருந்தது. அதை நான் முதலில் பார்த்தது ஓர் ஐப்பசி மாதச் சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. மழைச் சாரல் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் அதே ஈரம். நிமிர்ந்து தளத்தைப் பார்த்தேன். ஒழுகின அடையாளமே இல்லை. சன்னல் கதவும் சாத்தித்தான் இருந்தது. மூன்றாம் நாள் வேண்டுமென்றே துடைக்காமல் விட்டுவைத்தேன். மின்விசிறிக் காற்றில் ஓரமெல்லாம் காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சுருக்கென்று கரித்தது. உப்பு.

மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருடமான ஒருத்திக்கு அது என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. உப்பளத்துப் பாத்தியில் இறங்கி வேலை செய்துவிட்டு வருகிறவர்கள் கால் வைத்த இடமெல்லாம் முதலில் ஈரமாக இருக்கும், காய்ந்ததும் இப்படித்தான் வெளுக்கும். என் கணவர் அந்த உப்பளத்தில்தான் மேஸ்திரி. ஆனால் அவர் கொல்லைக் குழாயில் முழங்கால்வரை கழுவாமல் ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. அந்தப் பழக்கத்தை முதல் மாதத்திலேயே நான் ஏற்படுத்திவிட்டேன். மேலும் அது மழைக்காலம். உப்பு வாருவது நின்று பாத்தியெல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. குவித்து வைத்த உப்புக்குக் கீற்று மூட மட்டும் நாலைந்து பெண்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் என் வீட்டுக் கூடத்தில், நான் இல்லாத நேரத்தில், உப்புக் காலோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவது யார்? என் புத்தி போன போக்கைப் பாருங்கள். ஆனால் அது ஒரே நாளில் அப்படிப் போய்விடவில்லை. அதற்கு முன்னாலேயே எட்டு மாதக் காரணங்கள் எனக்குச் சேர்ந்திருந்தன.

அந்த வருடம் மாசியில், உப்பள முதலாளி வீட்டுக்கு மரச்சாமான் ஏற்றிவர வண்டியோடு குயிலாப்பாளையம் போன என் கணவர், திரும்பும்போது எங்கள் வீட்டுக்கும் ஒரு பாரம் கொண்டுவந்தார். நாட்டைவிட்டுப் போகிற ஒரு வெள்ளைக்காரர், விடுதி அறையைக் காலி செய்தபோது கொடுத்த பாட்டுக் கேட்கும் சாதனங்கள். கனத்த ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர், ஒரு சுருள் ஒயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், அந்தப் பெட்டிகள் நிற்பதற்கு இரண்டு இரும்புத் தாங்கிகள், கூடவே ஒரு கோணிப்பை நிறைய சிடிக்கள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு ஸ்பீக்கரே தேவைப்பட்டிருக்காது. பிரிட்ஜ் கதவு சரியாகச் சாத்த வரவில்லை, கொல்லைப்பக்கம் கதவு மக்கிப்போய்விட்டது, இந்த மனுஷனுக்குப் பாட்டுப் பெட்டி கேட்கிறது என்று எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவர் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு பதில்தான் சொன்னார்.

“இருபது வருசமா எஞ்சின் சத்தத்த மட்டும்தான் கேட்டிருக்கேன். இனிமேட்டு வேற சத்தம் கேக்கணும்.”

மேஸ்திரியாவதற்கு முன்னால் அவர் எஞ்சின் டிரைவர். உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு ஏற்றுகிற டீசல் எஞ்சின். தகரக் கொட்டகைக்குள் அது ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமானால் தோளைத் தட்டித்தான் பேச வேண்டும். கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய், அஞ்சே நிமிடம் நின்றுவிட்டு, தலைவலியோடு திரும்பி வந்தேன். அதில் அவர் இருபது வருடம் நின்றார். இதையெல்லாம் அன்றைக்கு நான் யோசித்துப் பார்க்கவில்லை. கோபம் வந்துவிட்டால் எனக்கு யோசனை வராது.

ஆனால் பெட்டிகளை அவர் வைத்த விதத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. சுவரிலிருந்து இவ்வளவு தள்ளி, இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று கயிறு பிடித்து அளந்தார். பாத்திக்கு வரப்பு போடுகிற அதே கவனம். பெட்டிகளுக்கு எதிரே, சரியாக நடுவில், தன் பிரம்பு நாற்காலியைப் போட்டார். அதன் இடது பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது எனக்காம். நான் அப்போது பிரம்மதேசத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. பஸ் பிடித்து வீடு வந்துசேர ஐந்து மணியாகும். அஞ்சு மணிக்குத் தினமும் கூப்பிடுவார்.

“வாயேன், ஒரு அரை மணி நேரம் ஒக்காரு. வயலின் இந்தப் பக்கத்துல இருந்து வருது பாரு, மிருதங்கம் அந்தப் பக்கம். நடுவுல ஆளே நிக்கிற மாதிரி இருக்குது.”

எனக்கு மாவு ஆட்ட வேண்டும். ஐந்தரைக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடும். விடைத்தாள் கட்டு வேறு பையில் கிடக்கும். நாளைக்கு என்பேன். நாளைக்கு என்றால் நாளைக்கும் நாளைக்குத்தான். ஒருநாள் மட்டும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் குக்கர் விசில் வந்தது. எழுந்துபோனவள் திரும்பி வரவில்லை. பாட்டுக் கேட்பது என்பது வேலையெல்லாம் முடித்தவர்கள் செய்கிற காரியம் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு வேலை முடிந்ததாக ஒருநாளும் ஞாபகமில்லை. ஒரு மாதம்போல இப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. நல்ல மனைவியாக இருந்தால் அந்த இடத்தில் மனசு உறுத்தியிருக்க வேண்டும். எனக்கு உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு அவர் பாட்டுக் கேட்கும் நேரத்தை நாலு மணிக்கு மாற்றிக்கொண்டார். நாலிலிருந்து ஐந்து வரை. நான் வீட்டுக்குள் நுழையும்போது எல்லாம் அணைந்திருக்கும், அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். சத்தம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது, மத்தியானம் கண் அசர முடியவில்லை என்றும் சொன்னார். ஒரே பாட்டின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறாராம். இது போதாதென்று வீட்டில் நான் பேசினால் பாதிக்குப் பதில் வராது. சமையற்கட்டிலிருந்து ஏதாவது கேட்பேன். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் நின்று கேட்டால் திடுக்கிட்டு நிமிர்வார். மடியில் எதையோ மறைத்து வைத்திருப்பவரின் திடுக்கிடல் அது என்று எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரிடம் சும்மா பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த அம்மாள் எதையும் கூட்டிக் கழித்து விடை கொண்டுவராமல் விடமாட்டார். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கதவையும் சாத்தி, பாட்டையும் சத்தமா வச்சா, உள்ள பேசறது வெளிய கேக்காதுங்க டீச்சர்.”

அவ்வளவுதான். அன்றைக்கு பஸ்ஸில் எனக்குச் சன்னலோர இடம் கிடைத்தும் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வந்ததுதான் அந்த ஈரத் தடம். பிளாஸ்டிக் நாற்காலி, எனக்கென்று போட்ட நாற்காலி, இடம் மாறியிருந்தது. பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து, இடது பெட்டியை ஒட்டினாற்போல் கிடந்தது. அதில் உட்காருவார் இல்லாமல் தூசி படிந்திருந்த காலம் போய், உட்கார்ந்து உட்கார்ந்து பளபளவென்று இருந்தது. அதன் காலடியில் உப்பு ஈரம். இதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன சாட்சி வேண்டும்?

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று தோன்றியது. பதிலுக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது கூடத்து வாசற்படியிலும் நாற்காலிகளைச் சுற்றியும் கோலமாவைச் சலித்து மெல்லிசாகத் தூவிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும் கூடத்துக்குத்தான் ஓடினேன். மாவில் காலடிகள் இருந்தன. பெருவிரல் கொஞ்சம் வெளியே சாய்ந்த அகலப் பாதம்; எல்லாம் அவருடையவை. பிரம்பு நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு, அங்கிருந்து மறுபடி இங்கே, மறுபடி அங்கே என்று ஏழெட்டு நடை. வேறு ஒரு காலடிகூட இல்லை. மூளை இருக்கிறவளாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். நான் என்ன நினைத்தேன் என்றால், வருகிறவள் படு கெட்டிக்காரி, சன்னல் வழியாகப் பேசிவிட்டுப் போகிறாள் என்று. அவர் அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கூடத்தில் எறும்புக்கு மருந்து போட்டிருக்கிறாயா?

பஸ்ஸில் கீற்று மூடப் போகும் பெண்கள் ஏறினால் முகத்தைப் பார்க்கமாட்டேன், பாதத்தைப் பார்ப்பேன். அவர்களில் ஒருத்தி என்னைவிடப் பத்து வயது சிறியவள், சிரித்த முகம். ஒருநாள் அவள் பாதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்ததில் அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. இன்னா டீச்சர், என் செருப்பு அறுந்துபோச்சுன்னு பாக்கிறீங்களா, புதுசு வாங்கித் தரப் போறீங்களா என்று கேட்டுச் சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தச் சிரிப்பைக்கூட நான் கபடமென்று எடுத்துக்கொண்டேன். அவளிடம் பிறகு எப்போதாவது மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. என்னவென்று சொல்லிக் கேட்பது?

கார்த்திகையில் ஒருநாள் காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு பெய்தது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லோரும் மழையைத் திட்டினார்கள். எனக்குள் வேறு கணக்கு ஓடியது. பஸ் மெதுவாகத்தான் வந்தது. எங்கள் தெருமுனையில் இறங்கும்போது மணி நாலு பத்து. குடை இருந்தும் விரிக்கவில்லை. விரித்தால் சத்தம் கேட்கும் என்று நினைத்தேனோ என்னவோ, நனைந்துகொண்டே நடந்தேன். தெருவிலேயே வயலின் கேட்டது. கதவு சாத்தியிருந்தது, ஆனால் தாழ் போடவில்லை. இந்தக் கதவைத் திறந்தால் இருபத்தைந்து வருடம் முடிந்துபோகும் என்று நினைத்தேன். திறந்தேன்.

கூடத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில், எனக்கு முதுகைக் காட்டி, இடது பெட்டியோடு காதை ஒட்டினாற்போல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது காதை ஒரு விரலால் அழுத்தி அடைத்திருந்தார். வயலின் அலறிக்கொண்டிருந்தது, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் கையை நீட்டி ஆம்ப்ளிஃபயர் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார், இல்லை என்பதுபோல. ரிமோட்டை அமுக்கி அதே இடத்தை மறுபடி போட்டார்.

“என்னாங்க,” என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சை அதட்டுகிற குரலில் கூப்பிட்டேன். அவருக்கும் எனக்கும் நடுவே நாலடி தூரம். பாட்டை நிறுத்திவிட்டு அவர் காதிலிருந்து விரலை எடுத்தபோதுதான் என் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பினார். ஒரு கணம் நான் எதிர்பார்த்து வந்த முகம்தான் அது, கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். அதன் பிறகு தோள்கள் இறங்கின.

“இந்தப் பக்கம் சுத்தமா போயிடுச்சு,” என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

“எவ்ளோ நாளா?”

“உன்ன ஒக்காரச் சொல்லிக் கூப்டேனே, அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. காது இருக்கிறப்பவே ரெண்டு பேரும் சேந்து கேட்டுடலாம்னு பாத்தேன்.”

புதுச்சேரியில் ஒரு காது டாக்டரை மாசிக்கு முன்பே தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். எஞ்சின் பக்கத்தில் நின்று நின்று நரம்பு கெட்டுவிட்டது, இடது காது இனி தேறாது, வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னைக் கூப்பிடுவதை நிறுத்திய பிறகு, தினமும் நாலு மணிக்கு இவர் தன் காதைத் தானே பரீட்சை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்பது. பிறகு இடது பெட்டியருகே போய், நேற்றுக் கேட்ட வயலின் இன்றைக்கும் கேட்கிறதா என்று பார்ப்பது. நான் வீட்டில் இருந்தால் மிக்சி, குக்கர், டியூஷன் பிள்ளைகள் கூச்சல், எது எந்தச் சத்தமென்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் நேரத்தை மாற்றியிருக்கிறார். காது கேட்காத மேஸ்திரியை ஆட்கள் மதிக்கமாட்டார்கள் என்று உப்பளத்திலும் சொல்லவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ ஊர் பூராவும் சொல்லிடுவ என்றார். கோபமாகத்தான் வந்தது. ஆனால் சொல்லியிருப்பேன். முதலில் கணக்கு டீச்சரிடம் சொல்லியிருப்பேன்.

அப்போது என் வலது காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தேன். பேசிக்கொண்டே கிட்டே வந்ததில் நான் நின்றிருந்தது அந்த ஈரத் தடத்தின்மேல். இடது பெட்டியைத் தாங்கி நின்ற இரும்புக் காலின் அடியில், பற்றவைத்த இடத்தில், ஒரு சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. இன்னொன்று திரண்டது.

“இது இன்னாங்க?”

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காது போனதைச் சொன்னபோதுகூட அப்படி அசடு வழியவில்லை. அந்தத் தாங்கிகள் உள்ளே பொந்தாக இருக்கும், காய்ந்த மணலைப் போட்டு நிரப்பினால் பெட்டி அசையாமல் நிற்கும், சத்தம் சுத்தமாக வரும் என்று வெள்ளைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் யோசித்திருக்கிறார். மணலாவது, மண்ணாவது? தன் கையால் வாரிக் குவித்த உப்பு, வெயிலில் காய்ந்து கூழாங்கல்போல் கலகலவென்று கிடக்கிறது. அதைவிடச் சுத்தமும் கனமும் எதற்கு உண்டு என்று இரண்டு தாங்கியிலும் கல்லுப்பைக் கொட்டி மூடியை முறுக்கிவிட்டார். முப்பது வருடம் உப்போடு புழங்கிய மனிதர். மழைக்காற்று பட்டால் உப்பு என்ன ஆகும் என்று முதலாளிக்கே பாடம் எடுப்பவர். இரும்புக்குள் போட்டு மூடிவிட்டால் காற்று எப்படிப் போகும் என்று நினைத்துவிட்டாராம். ஐப்பசி பிறந்ததும் உப்பு ஈரத்தை இழுத்தது, இரும்பைத் தின்றது, பற்றவைத்த இடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

அதுவரை அழாமல் நின்றவள் அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். உப்பையா போட்டீங்க, உப்பையா போட்டீங்க என்று அதையே எத்தனை முறை கேட்டேனோ. அவர் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையைத் தலையை ஆட்டினார். மூன்று வாரமாக நான் வேவு பார்த்தது ஓர் இரும்புக் குழாயை. கோலமாவு சமாச்சாரத்தையும் பஸ்ஸில் பாதம் பார்த்ததையும் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து, நல்ல மனநிலையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

மறுநாளே இரண்டு தாங்கியையும் கொல்லைக்குக் கொண்டுபோய்ச் சேறும் துருவுமாக வழித்துக் கொட்டினோம். ஓட்டையை அடைத்து, இரும்பு வாணலியில் வறுத்த மணலைப் போட்டோம், வறுத்தது நான். டியூஷனை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தேன். அவர் நேரத்தை மறுபடி ஐந்துக்குக் கொண்டுவந்தார். என் நாற்காலியை அவருடைய வலது பக்கத்துக்கு மாற்றினோம். முதல் வாரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற கை எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. கீரை ஆய்வதற்கு முறத்தை எடுத்து வந்தேன். அவர் முறத்தை வாங்கிக் கீழே வைத்தார். இரண்டாம் மாதத்தில்தான் அவர் சொன்னதுபோல இரண்டு பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்பது எனக்குக் கேட்டது. வயலின்காரர் வில்லை எடுத்து வைக்கிறதற்கு முன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. இவ்வளவு நாள் இது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்திருக்கிறது.

ஆனாலும் என் சுபாவம் போய்விடுமா? இவருக்கு நிஜமாகவே கேட்கிறதா, எனக்காக நடிக்கிறாரா என்று அடுத்த சந்தேகம் பிடித்துக்கொண்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே முகத்தைக் கவனிப்பேன். தெரியாமல் சத்தத்தை ஒரு புள்ளி குறைத்துப் பார்ப்பேன். உடனே கண்டுபிடித்துவிட்டால் எனக்கு அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும். கண்டுபிடிக்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தால் வராது. அப்படியே ஐந்தாறு வருடம் கிடைத்தது. காதுக் கருவி வாங்கினோம்; அதைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டால் தகரத்தில் ஆணி உரசுவதுபோல இருக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டார். போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். அதே வருடம் வலது காதும் போய்விட்டது. கருவி போட்டாலும் இப்போது ஒன்றும் இல்லை. நான் சொல்ல வேண்டியதைப் பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் இப்போதெல்லாம் அவர் என்னைத் திருத்துகிறார்.

எல்லாம் போன பிறகும் நேரம் போகவில்லை. இருவரும் வீட்டில்தானே இருக்கிறோம் என்று நாலு மணிக்கே உட்கார்ந்துவிடுகிறோம். நான் சிடியைப் போடுவேன், உறையை அவரிடம் காட்டுவேன். எனக்குக் கேட்கும், அவர் என் கை தாளம் போடுவதைப் பார்த்துப் பாட்டு எங்கே போகிறதென்று பிடித்துக்கொள்வார். சில நாள் எனக்கு முன்னாலேயே அந்த இடத்துக்குப் போய்விடுவார்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை ஆம்ப்ளிஃபயர் ஓடவில்லை. சுவிட்சைத் தட்டினேன், ஒயரை ஆட்டினேன். உயிரே இல்லை. திண்டிவனத்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். கடல்காற்றில் உள்ளே பச்சைத் துரு பிடித்திருக்கும், கொண்டுவாருங்கள், ஒரு மாதமாவது ஆகும், சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றான். அவர் கண்ணெதிரே அதைத் தூக்கிப்போக எனக்கு மனசு வரவில்லை. காது போயிற்று, பெட்டியுமா போயிற்று என்று அவர் நினைக்கக் கூடாது. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். வழக்கம்போல் சிடியைப் போட்டேன், உறையைக் காட்டினேன், உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டேன். சத்தமே இல்லாத கூடத்தில் ஒரு மணி நேரம் தாளம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவரும் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய், புதன், வியாழன் இப்படியே போயின. வியாழக்கிழமை நான் பாட்டை மறந்துபோய் மளிகைச் சாமானை நினைத்துக்கொண்டு கையை நிறுத்திவிட்டேன். அவர் விரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு நாளா ஆம்ப்ளிஃபயர்ல அந்தச் செவப்பு லைட்டே எரியல,” என்றார்.

சிலேட்டை எடுத்து, அப்புறம் ஏன் சொல்லலை என்று எழுதினேன். கோபத்தில் சாக்பீஸ் ஒடிந்துவிட்டது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“சொன்னா நீ எழுந்து வேலையப் பாக்கப் போயிடுவ.”

வெள்ளிக்கிழமை காலை அந்த ஆம்ப்ளிஃபயரைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, தெரிந்த வேன் ஒன்றில் திண்டிவனத்துக்கு ஏற்றிவிட்டேன். அது இருந்த பலகையில் சதுரமாக ஓர் இடம் மட்டும் தூசியில்லாமல் தெரிந்தது; துடைக்கவில்லை. மூன்றரை மணிக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மணி நாலானதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அவர் வந்து உட்கார்ந்திருந்தார். நானும் போய் வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து மணி வரை நான் எழுந்திருக்கவில்லை.